ஊசியில் சரி, உடம்பில் தப்பு: கைப்பின்னலில் வரும் கோளாறுகள்

கடலூரில் உட்கார்ந்துகொண்டு ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். மார்கழி விடியலில்கூட இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் குளிர். ஆனாலும் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் மட்டும் நாலைந்து பேர் பின்னுகிறோம். பிறந்த குழந்தைக்குக் குல்லா, பெங்களூர் பேரனுக்கு ஸ்வெட்டர், ஏசி ஆபீசில் நடுங்கும் மகளுக்குச் சால்வை, பனியில் வாக்கிங் போகும் தாத்தாவுக்கு மங்கி குல்லா என்று தேவைக்குக் குறைவில்லை. பின்னியது ஏதாவது கோணிக்கொண்டால் அது நேராக என் வீட்டுத் திண்ணைக்கு வரும்.

அப்படி வந்தவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்தது. கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) விட்டுப்போவது போன்ற ஊசித் தப்புகள் பத்து நிமிஷ வேலை. ஆளை அளக்காமலும் நூலைத் துவைத்துப் பார்க்காமலும் ஆரம்பித்ததுதான் முழுசாகப் பிரிக்க வைக்கிறது. அதனால் ஊசிக் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மற்றதில் கொஞ்சம் நிற்கிறேன். நிட், பர்ல் இரண்டும் போடத் தெரிந்தவர்களுக்காக எழுதுவது இது. உங்கள் துணியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

கண்ணி எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது

40 கண்ணியில் ஆரம்பித்த மஃப்ளர் ஒரு சாண் வளர்வதற்குள் 46 ஆகி, முறம் மாதிரி விரிந்திருக்கும். முதலில் ஓரத்தைப் பாருங்கள். வரிசை முடிந்து திருப்பும்போது நூலை ஊசிக்கு மேலாகத் தூக்கிப் பின்பக்கம் இழுத்தால், முதல் கண்ணியின் இரண்டு கால்களும் மேலே வந்து இரண்டு கண்ணி போலத் தெரியும். நாமும் இரண்டாகவே பின்னிவிடுவோம். நூல் ஊசிக்கு அடியில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஓரம் ஒழுங்காக இருந்து நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால், நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே கொண்டுவராமல் ஊசிக்கு மேலே சுற்றியிருக்கிறீர்கள். ரிப் (ஒரே வரிசையில் நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் பின்னல்) பின்னுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அடுத்த வரிசையிலேயே கண்ணில் பட்டால் அந்தச் சுற்றை ஊசியிலிருந்து நழுவ விட்டால் போதும். பல வரிசை தாண்டியிருந்தால் அந்த ஒரு கண்ணியை மட்டும் ஓட்டை வரைக்கும் கீழே அவிழ விடுங்கள். அந்த இடம் கொஞ்சம் தளர்வாகத் தெரியும். துவைத்து, கையால் நீவி உலர்த்தினால் அடங்கிவிடும்.

ஏணி மாதிரி ஓட்டை கீழே ஓடுகிறது

கண்ணி விட்டுப்போயிருக்கிறது. பதறி இழுத்தால் இன்னும் ஓடும். முதலில் அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்தி நிறுத்துங்கள். அப்புறம் குரோஷா ஊசியை நிட் பக்கத்திலிருந்து கண்ணிக்குள் விட்டு, அதற்கு நேர் மேலே இருக்கும் முதல் ஏணிப்படியைக் கொக்கியில் மாட்டி உள்ளே இழுங்கள். ஒரு படிக்கு ஒரு வரிசை. மேலே வந்ததும் ஊசியில் ஏற்றிவிடலாம். பர்ல் பக்கத்தில் விட்டுப்போனால் துணியைத் திருப்பி நிட் பக்கத்திலிருந்து செய்வதே சுலபம். படிகளின் வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றைத் தாண்டிவிட்டால் பின்பக்கம் ஒரு இழை தொங்கும், குழந்தையின் விரல் அதில்தான் போய் மாட்டும்.

துணியில் கோடு கோடாகப் பள்ளம்

நிட் வரிசை இறுக்கமாகவும் பர்ல் வரிசை தளர்வாகவும் போகிறது. பெரும்பாலோருக்குக் கை அப்படித்தான். பர்ல் வரிசைக்கு மட்டும் ஒரு அளவு மெலிந்த ஊசியை வலது கையில் எடுங்கள். புதுக் கண்ணி உருவாவது வலது ஊசியில்தான், கண்ணியின் அளவை முடிவு செய்வதும் அதுதான். இடது ஊசி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

ஊசியில் கண்ணி நகர மாட்டேன் என்கிறது

சித்திரை, வைகாசியில் எல்லோரும் சொல்வது இது. வியர்வைக் கையும் அக்ரிலிக் நூலும் சேர்ந்தால் கிறீச்சென்று ஒட்டும். மூங்கில் ஊசி இன்னும் பிடித்துக்கொள்ளும். வெயில் காலத்துக்கு அலுமினிய ஊசியும் விரலுக்குக் கொஞ்சம் பவுடரும் போதும். பழைய இரும்பு ஊசியை மட்டும் எடுக்காதீர்கள். நம் ஊர்க் கடல் காற்றில் இரண்டு வாரம் வேலை நின்றாலே துரு ஏறி வெள்ளைக் குல்லாவில் பழுப்புக் கோடு விழும். பாதி வேலையில் ஊக்கைக் குத்திவிட்டு மறந்துபோவதும் அதே கதைதான்.

சொன்ன நம்பர் ஊசிதான், சொன்ன கண்ணிதான், ஆனாலும் சின்னதாகிவிட்டது

திண்ணைக்கு வரும் கேஸ்களில் இதுதான் அதிகம். முதல் கேள்வியாக நான் கேட்பது, "எந்த ஊர் நம்பர்?"

நம் கடைகளில் விற்கும் ஊசிகளில் நெடுங்காலமாக இருப்பது பழைய பிரிட்டிஷ் நம்பர். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8ஆம் நம்பர் 4 மி.மீ., 10ஆம் நம்பர் 3.25 மி.மீ., 12ஆம் நம்பர் 2.75 மி.மீ. அமெரிக்க நம்பர் நேர் எதிர், ஏற ஏறத் தடிக்கும். அங்கே 8 என்றால் 5 மி.மீ., 10 என்றால் 6 மி.மீ. யூட்யூபில் அமெரிக்கப் பெண்மணி "8ஆம் நம்பர்" என்று சொன்னதைக் கேட்டு, மஞ்சக்குப்பம் கடையில் 8ஆம் நம்பர் கேட்டு வாங்கிவந்தால் ஒரு மில்லிமீட்டர் மெலிந்த ஊசி கைக்கு வரும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 5 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 18 கண்ணி என்று எழுதியிருந்தால் 180 கண்ணிக்கு மார்புச் சுற்றளவு 100 செ.மீ. உங்கள் 4 மி.மீ. ஊசியில் அது 22 கண்ணி ஆகிவிட்டால் அதே 180 கண்ணிக்கு 82 செ.மீ.தான் வரும். அப்பாவுக்குப் பின்னியது மகனுக்குப் போய்ச் சேரும். நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். ஊசித் தலையில் அச்சு அழிந்திருந்தால் துளைகள் உள்ள அளவுத் தகடு கிடைக்கும், ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

ஊசி சரியாக இருந்தும் அளவு தப்பினால் மாதிரித் துண்டு பின்னாததுதான் காரணம். "அதுக்குள்ள ஒரு குல்லாவே போட்டுடலாமே அக்கா" என்பார்கள். போடலாம், அந்தக் குல்லா யார் தலைக்குச் சேரும் என்பதுதான் தெரியாது. 30 கண்ணி ஏற்றி 15 செ.மீ. நீளத்துக்குப் பின்னுங்கள். கடைசியில் அந்த ஆடையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே இதையும் துவையுங்கள். மெஷினில் போடப்போகிற ஆடை என்றால் துண்டும் மெஷினுக்குள் போகட்டும். உலர்ந்த பிறகு, ஓரத்தை விட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணிகளை எண்ணுங்கள். அரைக் கண்ணியையும் விடக்கூடாது. 20 கண்ணிக்குப் பதில் 21 வந்தால் 180 கண்ணியில் 90 செ.மீ. வர வேண்டியது 86க்குக் கீழே போய்விடும். கூடுதலாக வந்தால் தடித்த ஊசிக்கும் குறைவாக வந்தால் மெலிந்த ஊசிக்கும் மாறி இன்னொரு துண்டு பின்னிப் பாருங்கள்.

தலை நுழையவில்லை

பிறந்த குழந்தையின் தலை சுமார் 34, 35 செ.மீ. மார்பு அதைவிட இரண்டு செ.மீ. குறைவு. ஒரு வயது வாக்கில்தான் இரண்டும் சமமாகின்றன. மார்பை மட்டும் அளந்து பின்னிய சட்டையைப் பாப்பாவுக்கு மாட்டும்போது வீடே ரெண்டாகும்.

பெரியவர்களுக்குக் கழுத்து அகலமாக இருந்தும் நுழையவில்லை என்றால், கடைசி வரிசையில் கண்ணிகளை இறுக்கி முடித்திருக்கிறீர்கள். அந்த ஓரத்தை மட்டும் பிரித்து, இரண்டு அளவு தடித்த ஊசியால் தளர்வாக முடியுங்கள். அடுத்த முறை முடிப்பதற்கு முன்பே கண்ணிகளை ஒரு நீளமான நூலில் கோத்துத் தலையில் மாட்டிப் பார்த்துவிடுங்கள். குழந்தைச் சட்டை என்றால் இடது தோள் தையலை 5 செ.மீ. பிரித்து இரண்டு பட்டன் வைப்பதே நல்ல தீர்வு. டிச் பட்டன் வேண்டாம், அதுவும் இங்கே துருப்பிடிக்கும்.

கையைத் தூக்கினால் ஸ்வெட்டர் முழுக்க மேலே ஏறுகிறது

கை மாட்டும் இடம் இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்து, அடுத்த ஸ்வெட்டரில் கை வளைவை இன்னும் ஆழமாக இறக்குவார்கள். அது இன்னும் மோசமாகும். நானும் இரண்டு ஸ்வெட்டரைப் பாழாக்கிய பிறகே இதைப் புரிந்துகொண்டேன். வளைவின் அடி இடுப்பை நோக்கி இறங்க இறங்க, கை தூக்கும்போது விலாப்பக்கத் துணியையும் சேர்த்து இழுக்கும். அடி அக்குளுக்குப் பக்கத்தில் இருந்தால் கை தனியாக அசையும்.

அளக்கும் முறை இது: அக்குளில் ஒரு ஸ்கேலைக் கிடையாக இடுக்கிக்கொள்ளச் சொல்லி, தோளின் மேல் நுனியிலிருந்து ஸ்கேல் வரை அளந்து, அதோடு 2 அல்லது 3 செ.மீ. சேருங்கள். அதற்கு மேல் வேண்டாம். அகலம் போதவில்லை என்றால் கையின் மேல்பகுதியில் கண்ணிகளைக் கூட்டுங்கள். பின்னி முடித்துவிட்டது, பிரிக்க மனசில்லை என்றால் அக்குள் தையலைக் கொஞ்சம் திறந்து ஒரு சதுரத் துண்டு பின்னி வைத்துத் தைக்கலாம். பழைய ஜிப்பாக்களில் அந்த இடத்தில் சின்னச் சதுரம் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே யோசனைதான்.

ஓரம் பாய் போலச் சுருண்டுகொள்கிறது

ஒரு பக்கம் முழுக்க நிட், மறுபக்கம் முழுக்க பர்ல் என்று போகும் துணியின் குணமே அது. பக்க ஓரங்கள் பின்னாலும் மேல் கீழ் ஓரங்கள் முன்னாலும் சுருளும். நனைத்து, ஊசி குத்தி நீட்டி வைத்தால் ஒரு நாள் நிற்கும், மறுநாள் மறுபடி சுருளும். சால்வைக்கும் மஃப்ளருக்கும் இருபுறமும் 4, 5 கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட்டாகவே போடுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் ஆறு வரிசை அப்படியே. முடித்துவிட்ட சால்வைக்கு ஓரம் முழுக்க குரோஷாவில் ஒரு கரை கட்டினால் ஓரளவு அடங்கும்.

பட்டன் பட்டி அலை அலையாக நிற்கிறது, அல்லது முன்பக்கத்தை மேலே இழுக்கிறது

ஓரத்திலிருந்து கண்ணி எடுக்கும்போது வரிசைக்கு ஒன்று எடுத்தால் அலை அலையாகும். மிகக் குறைவாக எடுத்தால் இழுக்கும். நாலு வரிசைக்கு மூன்று கண்ணி என்ற கணக்கு பெரும்பாலும் பொருந்தும். காஜா பெரிதாகி பட்டன் நழுவினால் பிரிக்க வேண்டாம், காஜாவின் ஒரு முனையில் இரண்டு தையல் போட்டுச் சுருக்கினால் போதும்.

குழந்தை போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அழுகிறது

குழந்தையைக் குறை சொல்லாமல் துணியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். குல்லாத் தையல் நெற்றியில் குத்துகிறதா? தையல் வெளிப்பக்கம் இருந்தால்தான் என்ன குறைந்துவிடும்? நம் ஊர் வெக்கையில் அக்ரிலிக் குல்லா போட்டால் வியர்வை உறிஞ்சாமல் வேர்க்குரு வரும். இங்கேயே இருக்கும் குழந்தைக்குப் பருத்தி நூல்தான், அதுவும் வெளியே எடுத்துப்போகும்போது மட்டும். தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள். கூடுதல் சூடு தலை வழியாகவும் வெளியேற வேண்டும்.

காலுறையைக் கட்டாயம் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். உள்பக்கம் தொங்கும் ஒரு இழை கால் விரலைச் சுற்றி இறுக்கிவிடும், குழந்தை எதற்கு அழுகிறது என்று யாருக்கும் தெரியாது. கழுத்தில் கட்டும் கயிறும் குஞ்சமும் வேண்டாம். போட்டோவுக்கு அழகுதான், கழுத்தில் இறுகினால் ஆபத்து. ஓட்டை ஓட்டையான லேஸ் பின்னலையும் பிஞ்சு விரல்களுக்காகத் தவிர்த்துவிடுவேன்.

ஆறு மாதத்தில் கை குட்டையாகிவிட்டது

வளரும் பிள்ளைக்குக் கையையும் உடம்பையும் மேலிருந்து கீழாகப் பின்னுங்கள். அப்படியானால் முடித்த ஓரத்தைப் பிரித்து அதே இடத்திலிருந்து நீட்டலாம். கீழிருந்து மேலாகப் பின்னியதை ஆரம்ப ஓரத்திலிருந்து பிரிக்கப் பார்த்தால் நூல் சுலபமாக வராது, ரிப்பில் இன்னும் சிக்கும். மீதி நூலில் ஒரு கண்டை பீரோவில் பத்திரமாக வையுங்கள். பிறகு வாங்கும் நூல் அதே நிறம் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதி) மாறினால் சாயம் மாறும். மாறித்தான் போனது என்றால் பழையதும் புதியதும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்குத் தெரியாது.

பெரியவர்கள் "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்

இந்த அறிகுறியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், வாய் திறந்து குறை சொல்ல மாட்டார்கள். என் மாமியாருக்குத் தலைவழியாகப் போடும் ஸ்வெட்டர் பின்னித் தந்தேன். மூன்று மார்கழி போன பிறகு, "கை மேலே போகலம்மா" என்று மெதுவாகச் சொன்னார். தோள் வலி உள்ளவர்களுக்கு முன்பக்கம் திறப்பதுதான் சரி. கை அகலமாக, பட்டன் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெரியதாக, காஜா தாராளமாக இருக்க வேண்டும். விரல் மடங்காதவர்களுக்கு பட்டனே வேண்டாம், குறுக்கே போட்டுக்கொள்ளும் சால்வைக்கு இரண்டு கைத் துவாரம் வைத்தால் நழுவாமல் நிற்கும்.

முழங்கால் உறை வழுக்கி இறங்குகிறது என்பார்கள். ரிப் பின்னலில், கால் சுற்றளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகப் பின்னினால் நிற்கும். ஆனால் கழற்றும்போது தோலில் தடம் பதிந்திருந்தால் இறுக்கம் அதிகம். கால் வீங்குகிறவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் தளர்வாக இறங்குவதே மேல். பின்னிய காலுறையைப் போட்டுக்கொண்டு மொசைக் தரையில் நடக்க விடாதீர்கள். என் வீட்டில் காலுறை என்பது கட்டிலோடு சரி.

பருத்தி ஸ்வெட்டர் மாதத்துக்கு மாதம் நீள்கிறது

மகளுக்கு இடுப்பு வரைக்கும் பின்னிய பருத்திக் கோட்டு ஒரு மாதத்தில் தொடைக்கு வந்துவிட்டது. கம்பளிக்கு இருக்கும் சுருங்கி விரியும் குணம் பருத்திக்கு இல்லை. எடையும் அதிகம், நனைந்தால் இன்னும் அதிகம். அதைக் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரே கீழே இழுத்துவிடும். கயிற்றுக் கட்டிலில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் படுக்கப்போட்டு உலர்த்துங்கள். அடியிலும் காற்று போகும்.

நீண்டுபோனதற்கு இரண்டு வைத்தியம். தோள் தையலின் உள்பக்கம் பருத்தி நாடாவை வைத்துத் தைத்தால் தோளிலிருந்து இழுபடுவது நிற்கும். மேலிருந்து கீழாகப் பின்னியது என்றால் அடியில் உள்ள கூடுதல் நீளத்தைப் பிரித்து மறுபடி முடிக்கலாம். அடுத்த முறை ஒரு அளவு மெலிந்த ஊசி எடுங்கள். மாதிரித் துண்டைத் துவைத்ததோடு விடாமல், அடியில் நாலைந்து துணிக் கிளிப்பைக் கவ்வவிட்டு ஒரு ராத்திரி தொங்கவிட்டு அளந்து பாருங்கள். பக்கத் தையல் வைத்த ஸ்வெட்டர், சுற்றிச் சுற்றி ஒரே குழாயாகப் பின்னியதைவிட வடிவம் தாங்கும்.

இஸ்திரி போட்டதும் துவண்டு பளபளக்கிறது

அக்ரிலிக். சூடு பட்டு இழை உருகித் தட்டையாகிவிட்டது, திரும்பி வராது. ஒருமுறை நான் ஒன்றும் சொல்லாமல் இஸ்திரி வண்டியில் கொடுத்துவிட்டு, வாங்கும்போதுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான். இதே காரணத்தால் அடுப்படிக் கரித்துணியை அக்ரிலிக்கில் பின்னவே கூடாது. சூடான பாத்திரத்தில் உருகிக் கையில் ஒட்டும். அதற்குப் பருத்தி நூலை இரட்டையாக வைத்துப் பின்னுங்கள்.

கம்பளி சுருங்கி அட்டை மாதிரியாகிவிட்டது

வெந்நீர், சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் உண்மையான கம்பளியின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதை நீட்ட முடியாது. ஆனால் கத்தரித்தால் பிரியாது என்பதால் அதுவே அருமையான கரித்துணி ஆகும்.

சாயம் போகிறது

ஈரமான வெள்ளைத் துணியால் நூலை அழுத்தித் தேய்த்துப் பார்த்த பிறகே சிவப்பையும் கருநீலத்தையும் வெள்ளையோடு சேர்க்க வேண்டும். உப்பு, வினிகர் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பருத்தியில் போகிற சாயத்தை அது நிறுத்தாது. நூல் இன்னும் பின்னாமல் சிட்டமாக இருக்கும்போதே தண்ணீர் தெளியும் வரை நாலைந்து முறை அலசிவிடுங்கள்.

மழைக்காலம் முடிந்து எடுத்தால் புள்ளியும் நாற்றமும்

ஐப்பசி, கார்த்திகையில் துணி உலர்ந்த மாதிரி இருக்கும், உலர்ந்திருக்காது. தடித்த பின்னல் என்றால் அக்குளும் ரிப்பும் கடைசியாகத்தான் உலரும். அதை அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். மழைக்கு முன்பே துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, பழைய பருத்தித் தலையணை உறைக்குள் போட்டு வையுங்கள். கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சிக்கு வியர்வையும் எண்ணெய்க் கறையும் இருந்தால் இன்னும் கொண்டாட்டம். அதனால் அழுக்கோடு எடுத்து வைக்கக் கூடாது.

அந்துருண்டை போடலாமா என்று கேட்பீர்கள். பெரியவர்கள் துணி என்றால் உங்கள் விருப்பம். குழந்தைத் துணிக்கு வேண்டவே வேண்டாம். அதில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பச்சிளம் குழந்தைக்குச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டியே தெரியாது. அக்கா பிள்ளைக்குப் பின்னிப் பெட்டியில் வைத்த குல்லாவைத் தங்கை பிள்ளைக்கு எடுக்கும்போது அந்துருண்டை வாசம் வந்தால், துவைத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு, மூக்கில் வைத்துப் பார்த்தும் வாசம் போகவில்லை என்றால் அந்தக் குல்லாவை விட்டுவிடுங்கள். புதுக் குல்லா பின்ன ஒரு சாயங்காலம் போதும்.